அட்டையில் இருக்கிற பெண்

மல்லேஸ்வரம், பெங்களூரு
6 ஜனவரி 2025

ரூபினி அவர்களுக்கு,

உங்களுக்கு என்னைத் தெரியாது. உங்கள் பெயரும் நீங்கள் வேலை செய்யும் சென்ட் கடையின் விலாசமும் ஓர் அட்டையின் பின்பக்கத்தில் கிடைத்தன. பெயரைத் தமிழில் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் தைரியமாகத் தமிழில் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. என் பெண் அதிதி இந்த ஊரிலேயே பிறந்து, கன்னடமும் இங்கிலீஷும் படித்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. என் போன், மெயில் எல்லாம் அவள் பார்வையில்தான் நடக்கின்றன. இந்த வீட்டில் அவளால் திறந்து பார்க்க முடியாதது என் கையெழுத்து ஒன்றுதான்.

என் கணவர் வெங்கடகிருஷ்ணன், மாநில அரசில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நவம்பர் பத்தொன்பதாம் தேதி பக்கவாதம் வந்தது. வலது கை, கால் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. மிச்சம் இருப்பது "ஆமா" என்ற ஒரு வார்த்தை. காபி வேண்டுமா என்றாலும் ஆமா, வேண்டாமா என்றாலும் ஆமா.

போன வாரம் இன்ஷூரன்ஸ் காகிதம் தேடி அவர் பீரோவைக் கலைத்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். சட்டைகளுக்குப் பின்னால் ஒரு பச்சைக் கண்ணாடி பாட்டில், பெண்கள் போடும் சென்ட். சீல் உடைத்து, ஒரு விரல் அளவு குறைந்திருக்கிறது. பெட்டிக்குள் உங்கள் கடை அட்டை. அக்டோபர் 14 என்று தேதி. "இந்த வாசனை யாருக்கோ, அவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆறு கேள்விகள். பதில்கள் என் கணவர் கையெழுத்தில்.

அந்தப் பதில்களில் இருக்கிற பெண் அதிகம் பேச மாட்டாள், கவனித்துப் பார்ப்பாள். விடிகாலையில் தனியாக நடப்பாள். மழைக்குக் குடை தேட மாட்டாள். முடிவெடுக்க யாரையும் கேட்க மாட்டாள். மற்றவர்களுக்கு எளிதில் புரிய மாட்டாள். நானோ கொத்தமல்லிக் கட்டு ஒன்றா இரண்டா என்பதையே அவரைக் கேட்டு வாங்கியவள். குடையில்லாமல் மொட்டை மாடிக்குக்கூடப் போனதில்லை. சந்தன சோப்பு தவிர வேறு வாசனை தெரியாது. என் பிறந்தநாள் ஜூனில், கல்யாண நாள் மே மாதத்தில். அக்டோபரில் எனக்கு எதுவும் இல்லை.

பாட்டிலை அவர் முன்னால் வைத்து, "எனக்கா வாங்கினேள்?" என்று கேட்டேன். ஆமா என்றார். "வேற யாருக்காவதா?" என்றேன். அதற்கும் ஆமா.

அவர் யாருடன் வந்தார், யாருக்கென்று சொன்னார்? இது ஒன்றைத் தெரிவித்தால் போதும். கவரின் மேல் கடையின் பெயர் வேண்டாம். திருப்பாவை கோஷ்டியிலிருந்து கடிதம் வரும் என்று அதிதியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அனந்தலக்ஷ்மி


மர்பி டவுன்
11 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய மேடம்,

கடிதம் கிடைத்தது. சார் சீக்கிரம் குணமாக வேண்டிக்கொள்கிறேன்.

நீங்கள் சொல்வது எங்கள் பச்சை மலர் வகை. அடித்தவுடன் கசக்கின தழை வாசனை வரும். பத்து நிமிடம் கழித்து வெள்ளைப் பூ. கடைசியில் லேசான மர வாசனை நிற்கும். இனிப்பு கிடையாது. அதனால் எல்லாருக்கும் பிடிக்காது. தன் வழியில் போகிற, சுயமாக யோசிக்கிற, அமைதியான பெண்களுக்கு இது பொருந்தும் என்று கம்பெனி டிரெயினிங்கில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேர் கவுன்டருக்கு வருவார்கள் மேடம். அக்டோபரில் தீபாவளிக் கூட்டம் வேறு. யார் யாருக்கு வாங்கினார்கள் என்பது நினைவில் நிற்காது. நின்றாலும் வெளியே சொல்லக் கூடாது என்பது விதி.

பாட்டிலை வெயில் படாமல் வையுங்கள். உங்கள் கடிதத்தை எங்கள் மேனேஜர் லாயிட் சாரிடம் நான் காட்டவில்லை. நீங்களும் இது விஷயமாகக் கடைக்குப் போன் செய்ய வேண்டாம். எதுவானாலும் மேலே உள்ள வீட்டு விலாசத்துக்கே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ரூபினி


மல்லேஸ்வரம்
16 ஜனவரி 2025

ரூபினி,

மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் எதற்குப் பயம்? ஒன்றுமே நினைவில்லை என்கிறீர்கள். பிறகு மேனேஜரிடம் காட்டவில்லை, போன் செய்யாதே என்கிறீர்கள். நான் முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க அதிகாரி வீட்டில் இருந்தவள். பதில் சொல்லாமல் பதில் எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியும்.

பொங்கலன்று அதை மணிக்கட்டில் அடித்துப் பார்த்தேன். நீங்கள் எழுதியது சரிதான். எட்டாவது கிராஸ் தெருவில் பூக்காரி கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போன பிறகு தரையில் கிடக்குமே, பூவெல்லாம் விற்றுப்போய் மிஞ்சிய காம்பும் தழையும், அந்த வாசனை. பூவை விட்டுவிட்டுக் காம்பை விரும்புகிறவள் யார் என்று அன்று முழுவதும் யோசித்தேன். அவருடைய ஆபீஸில் இருந்த ஒவ்வொரு பெண்ணாக நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. பொங்கல் அடிப்பிடித்தது.

இனி உள்ளதைச் சொல்கிறேன். கெங்கேரிப் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில் அதிதி இடம் பார்த்திருக்கிறாள். மூன்று மாதம் தங்க வேண்டும். நடக்கவும் பேசவும் பழக்குவார்களாம். பிப்ரவரி முதல் தேதி படுக்கை காலியாகிறது. "உன்னால தனியா முடியாதும்மா, மூணு மாசம்தானே" என்று தினமும் கேட்கிறாள். அவரால் சரி என்றோ முடியாது என்றோ சொல்ல முடியாது. நான்தான் சொல்ல வேண்டும்.

தினமும் அவரைத் துடைக்கிறேன், உடை மாற்றுகிறேன், ஊட்டுகிறேன். அந்தப் பாட்டில் வேறொருத்திக்கு என்றால், போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டு நிம்மதியாக உட்காருவேன். எனக்கு என்றால் அவரை எங்கேயும் அனுப்ப மனம் வராது. இது நியாயமில்லை என்பது எனக்கே தெரிகிறது. உடம்பு சரியில்லாதவரை ஒரு சென்ட் பாட்டிலை வைத்தா எடை போடுவது? ஆனாலும் காலையில் கண் விழித்ததும் அதுதான் முன்னால் வந்து நிற்கிறது. தயவு செய்து எழுதுங்கள்.

அனந்தலக்ஷ்மி


மர்பி டவுன்
22 ஜனவரி 2025

அன்புள்ள மேடம்,

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் எல்லாம் நினைவு வந்துவிட்டது. சார் தனியாகத்தான் வந்தார். மனைவிக்கு என்றுதான் கேட்டார். வேறு யாரும் கிடையாது. நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

அட்டையைக் கொடுத்ததும் ஆறு கேள்விக்கும் நிறுத்தாமல் பதில் எழுதினார். பக்கத்துக் கவுன்டரில் இருக்கிற லீனாகூட, "இவ்ளோ கவனிக்கிற புருஷன் கெடைக்கணுமே" என்று என்னிடம் சொன்னாள். பொதுவாக ஆண்கள் வந்தால் திணறுவார்கள். இவர் திணறவே இல்லை. உங்களை அவர் அப்படித்தான் பார்க்கிறார் மேடம். நம்மைப் பற்றி நமக்கே தெரியாதது கூட இருப்பவர்களுக்குத் தெரியும் என்பார்களே.

தைரியமாகப் போட்டுக்கொள்ளுங்கள். காதுக்குப் பின்னால் ஒரு முறை, மணிக்கட்டில் ஒரு முறை. தேய்க்க வேண்டாம்.

அன்புடன்,
ரூபினி


மல்லேஸ்வரம்
5 பிப்ரவரி 2025

அன்புள்ள ரூபினிக்கு,

நீங்கள் செய்தது எவ்வளவு பெரிய உபகாரம் என்று உங்களுக்குத் தெரியாது. கடிதத்தைக் குளியலறையில் நின்றுகொண்டு மூன்று முறை படித்தேன். வெளியே வந்து அதிதியிடம், அப்பா எங்கேயும் போகப்போவதில்லை என்று சொன்னேன். காரணம் கேட்டாள். காரணம் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை என்றேன். அட்டையில் இருக்கிறவள் அப்படித்தானே சொல்லியிருப்பாள். அதிதி கோபித்துக்கொண்டு ஒயிட்பீல்டில் இருக்கும் தன் பிளாட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள்.

இப்போது தினமும் ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டு ஆதிகேசவனை வீட்டில் உட்கார்த்திவிட்டு, சாங்கி டேங்க் ஏரியை ஒரு சுற்று தனியாக நடந்து வருகிறேன். சேலை மேல் இரண்டு சொட்டு அடித்துக்கொள்கிறேன். யாரையும் கேட்காமல் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். மூன்று கட்டு கொத்தமல்லி வாங்கினேன். இரண்டு வாடிப்போயிற்று. பரவாயில்லை.

ஆனால் ஒன்று புரியவில்லை. அதைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போனால் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். வாசனையில் தலைவலிக்கிறதா என்றேன், பிடிக்கவில்லையா என்றேன், பிடித்திருக்கிறதா என்றேன். எல்லாவற்றுக்கும் வழக்கமான பதில்தான். என்னைத்தான் எழுதினார் என்றால் ஏன் திரும்ப வேண்டும்? எனக்கும் சில சமயம் நடையில் பாதி வழியில் நின்று, நான் யார் மாதிரி நடந்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது. ஐம்பத்தேழு வயதில் இது என்ன கூத்து என்றும் இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை குளியலறையில் அவரைத் தூக்கும்போது என் பிடி நழுவிவிட்டது. இருவரும் ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டோம். ஆதிகேசவன் வந்து தூக்க அரை மணி ஆயிற்று. அவருக்கு அடியில்லை. எனக்கு இடுப்பில் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதிதிக்குச் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி கெங்கேரி என்பாள். நிறுத்தாமல் ஆறு பதிலும் எழுதினவரை எப்படி அனுப்புவது? உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அனந்தலக்ஷ்மி


மர்பி டவுன்
10 பிப்ரவரி 2025

அம்மா,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துவிடுங்கள். சார் மனைவிக்கு என்று கேட்டது மட்டும்தான் அதில் நிஜம்.

தீபாவளிக்கு முன்னால் அந்தப் பச்சை பாட்டில் பன்னிரண்டு தேங்கிக் கிடந்தது. இனிப்பாக இல்லை என்று யாரும் தொடவில்லை. மாதம் முடிவதற்குள் அத்தனையும் தள்ள வேண்டும் என்று லாயிட் சார் சொல்லிவிட்டார். அந்த அட்டையில் என்ன பதில் எழுதினால் எந்தப் பாட்டில் வரும் என்பது எங்களுக்கு மனப்பாடம். விற்க வேண்டிய பாட்டிலை முதலில் முடிவு செய்வோம். பதிலைப் பிறகு சொல்லிக் கொடுப்போம். அட்டை வாடிக்கையாளர் கையெழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று கம்பெனி விதி. அதனால் நாங்கள் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதுவார்கள்.

சார் பக்கத்துக் கடைக்கு மூக்குக்கண்ணாடி மாற்ற வந்திருந்தார். தயாராக ஒரு மணி நேரம் ஆகும் என்றார்களாம். சும்மா சுற்றிக்கொண்டு எங்கள் கவுன்டருக்கு வந்தார். யாருக்கு சார் என்றேன். "ஆத்துக்காரிக்கு ஒண்ணும் வாங்கினதே இல்லை" என்றார். அட்டையைக் கொடுத்தேன். முதல் கேள்விக்கே பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உங்களுக்குக் காலை பிடிக்குமா மாலை பிடிக்குமா, தெரியவில்லை. மழை பிடிக்குமா, தெரியவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பரீட்சையில் உட்கார்ந்த பையன்போலப் பாவமாக இருந்தது. ஆனால் எனக்குப் பாவம் பார்க்க நேரமில்லை. நான் சொன்னேன், அவர் எழுதினார். அந்தப் பெண் நீங்களும் இல்லை, வேறு யாரும் இல்லை. நான் பாட்டிலுக்காகச் செய்த பெண்.

அதோடு போயிருந்தால் மறந்திருப்பேன். நான்காம் நாள் சார் திரும்ப வந்தார். சீல் உடைத்த பாட்டிலைக் கவுன்டரில் வைத்தார். இரண்டு நாள் கைக்குட்டையில் அடித்துப் பார்த்தாராம், திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா என்றார். சீல் உடைத்தால் எடுக்க மாட்டோம் என்றேன். ஏன் சார், பிடிக்கவில்லையா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"வாசனை நன்னாத்தான் இருக்கும்மா. ஆனா நீ சொன்னது அவ இல்லை. நான் எத்தனை மணிக்கு வந்தாலும் அவ சாப்பிடாம உக்காந்துண்டிருப்பா. பசியில கை நடுங்கும், மறைச்சுப்பா. அப்படி உக்காந்துண்டு இருக்கறவ போடற வாசனை இல்லை இது."

பொருத்தமாக வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மாற்றியும் தர முடியாது என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டேன். பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு போனார்.

நீங்கள் கடைக்கு வந்து புகார் கொடுத்தால் வேலை போய்விடும் என்ற பயத்தில் முதலில் மறைத்தேன். பிறகு உங்களைச் சந்தோஷப்படுத்திவிட்டால் எழுதுவதை நிறுத்திவிடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் அந்தப் பொய்யை நம்பி சாரை வீட்டிலேயே வைத்துத் தூக்கிக்கொண்டு இருக்கிறீர்கள். ஈரத்தரையில் உங்களை விழ வைத்தது நான்தான். இனி என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். லாயிட் சாருக்கே எழுதினாலும் சரி.

ரூபினி


மல்லேஸ்வரம்
24 பிப்ரவரி 2025

ரூபினி,

உன்னை இனி நீ என்றே எழுதுகிறேன். கோபத்தில் மரியாதை வரவில்லை. லாயிட் சாருக்கு எழுதக் காகிதம்கூட எடுத்தேன். இரண்டு வரியில் நின்றுபோயிற்று. என்ன புகார் சொல்வது? என் கணவரை எனக்குக் காட்டிக் கொடுத்துவிட்டாய் என்றா?

முதல் இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேறு யாரும் இல்லை. எனக்கு வாங்கினார், எனக்குப் பொருந்தவில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போனார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கடைக்காரியிடம் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார். மூன்றாம் நாள் காலை காபி கலக்கும்போதுதான் அவர் உன்னிடம் சொன்னது முழுதாக உறைத்தது.

அவருக்குத் தெரிந்திருக்கிறது, ரூபினி. வேலை நடக்கும் சைட்டிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு மூன்று மணிக்கு வருவார், சில நாள் நான்கு. தட்டின் முன்னால் உட்காருவார், சாப்பிடுவார், கை கழுவுவார். நீ சாப்பிட்டாயா என்று ஒரு நாள் கேட்டதில்லை. அவருக்குத் தெரியாது, வேலை மும்முரத்தில் மனிதர் எதையும் கவனிக்க மாட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு முப்பத்திரண்டு வருஷத்தை ஓட்டினேன். கை நடுங்கியது வரைக்கும் பார்த்திருக்கிறார். நான் மறைத்ததையும் பார்த்திருக்கிறார். வேறொருத்தி இருந்திருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். இதற்கு எப்படி அழுவது என்று தெரியவில்லை. இது அன்பா, அன்பில்லாததா? ஒருவர் நம்மை இவ்வளவு தெரிந்துவைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் அதற்கு என்ன பெயர்?

உன் கடிதத்தை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கைக்குட்டை என்ற இடத்தில் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. இந்த நோயில் காரணமில்லாமலும் அழுகை வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். ஆகவே அதையும் கணக்கில் எடுக்க முடியவில்லை. "தெரிஞ்சும் ஏன்னா கேக்கலை?" என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் என்ன பதில் வரும் என்பது தெரிந்ததால் கேட்கவில்லை.

அதிதிக்குப் போன் செய்தேன். விழுந்ததையும் இடுப்பு வலியையும் சொன்னேன். அவள் அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு கெங்கேரிக்குப் போன் போட்டாள். மார்ச் மூன்றாம் தேதி இடம் இருக்கிறதாம். சரி என்றேன். பாட்டில் எனக்கா இல்லையா என்பதை வைத்துச் சொன்ன சரி இல்லை இது. அவருக்கு நான்கு வார்த்தை பேச வந்தால் நான் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

அந்த வாசனை எனக்குப் பொருந்துமா என்று இனி யாரைக் கேட்பது? அவர் பொருந்தாது என்றார். நீ பொருந்தும் என்று பொய் சொன்னாய். காலை நடைக்கு இன்னும் போட்டுக்கொண்டுதான் போகிறேன். சில நாள் யாரோ பக்கத்தில் வருவதுபோல இருக்கிறது. சில நாள் ஒன்றும் தெரிவதில்லை.

நேற்று பன்னிரண்டு மணிக்குச் சமையல் முடிந்தது. அவர் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குத் தெரிகிற மாதிரி ஒரு தட்டை எடுத்து வைத்து, எனக்குப் பரிமாறிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். ரசம் சூடாக இருந்தது. அதற்கப்புறம்தான் அவருக்குப் பிசைந்து எடுத்துக்கொண்டு போனேன்.

அனந்தலக்ஷ்மி